கெர்பரோஸ் பேசும் கிளையன்ட் எழுதுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கெர்பரோஸ் (கடவுச்சொல்லை நெட்வொர்க்கில் அனுப்பாமலே அடையாளத்தை நிரூபிக்கும் முறை) வழியாக உள்நுழையும் ஒரு கிளையன்ட் புரோகிராமுக்கு வேண்டிய நிரல் ஐம்பது வரியைத் தாண்டாது. ஆனால் அந்த ஐம்பது வரியை ஓடவைக்க ஒரு வாரம் போராடியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நேரம் குறியாக்கத்தில் போவதில்லை, பெயரில் போகிறது. சர்வரை எந்தப் பெயரில் கூப்பிடுகிறோம், அந்தப் பெயருக்கு ஒரு கணக்கு இருக்கிறதா, வழியில் யாராவது அந்தப் பெயரை மாற்றிவிடுகிறார்களா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் மீதி வேலை சுலபம். அதனால் இங்கே நிரலைவிடப் பெயருக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உதாரணமாக எடுத்துக்கொள்வது லினக்ஸில் ஓடும் ஒரு பைத்தான் கிளையன்ட். அது ஒரு உள் வலைச் சேவையோடு பேச வேண்டும். கெர்பரோஸுக்கு எம்ஐடியின் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின்) லைப்ரரி. கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

கெர்பரோஸ் பிறந்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1983இல் தொடங்கிய அதீனா திட்டத்தில். வளாகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள், யார் வேண்டுமானாலும் எதன் முன்னாலும் உட்காரலாம், நடுவில் இருக்கும் நெட்வொர்க்கை நம்ப முடியாது. அந்த நிலையிலும் கடவுச்சொல் ஒருபோதும் கம்பி வழியே போகக் கூடாது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட சவால். இன்று நாம் பயன்படுத்தும் 5ஆம் பதிப்பு 1993இல் ஆர்எஃப்சி 1510 (ஆர்எஃப்சி என்பது இணையத் தொழில்நுட்ப வரையறை ஆவணம்) ஆக வந்தது. 2005இல் ஆர்எஃப்சி 4120 அதன் இடத்தைப் பிடித்தது. விண்டோஸ் 2000 முதல் ஆக்டிவ் டைரக்டரி (பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) டொமைன்களில் இதுதான் இயல்பான உள்நுழைவு முறை. கெர்பரோஸ் என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட அலுவலகத்தில் தினமும் காலையில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நடுவில் கேடிசி என்ற ஒரு சர்வர் இருக்கிறது. பயனர்கள், சேவைகள் எல்லோருடைய சாவியும் அதனிடம் உண்டு. பயனர் முதலில் கேடிசியிடம் போகிறார். தன் கடவுச்சொல்லிலிருந்து உருவாக்கிய சாவியால் தற்போதைய நேரத்தைப் பூட்டி அனுப்புகிறார். கேடிசி அதைத் திறந்து பார்த்து, சரியாக இருந்தால் டிஜிடி என்ற முதல் டிக்கெட்டைக் கொடுக்கிறது. அப்புறம் ஒவ்வொரு சேவைக்கும் தனி டிக்கெட் வாங்க அந்த டிஜிடியைக் காட்டினால் போதும், கடவுச்சொல் மறுபடி தேவையில்லை.

சேவைக்கான டிக்கெட் என்பது ஒட்டிய உறை. கேடிசி அதை அந்தச் சேவையின் சாவியால் பூட்டியிருக்கும். கையில் வைத்திருந்தாலும் உங்களால் பிரிக்க முடியாது, சேவையால் மட்டுமே முடியும். உறைக்குள் ஒரு தற்காலிகச் சாவி இருக்கிறது. அதே சாவியின் இன்னொரு பிரதியை கேடிசி உங்களுக்கும் தனியாகத் தந்திருக்கும். உறையோடு அந்தச் சாவியால் பூட்டிய ஒரு நேர முத்திரையையும் சேர்த்து அனுப்புகிறீர்கள். சேவை உறையைப் பிரித்து, சாவியை எடுத்து, முத்திரையைச் சரிபார்க்கிறது. இந்த இடத்தில் கேடிசியும் சேவையும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை.

எந்தச் சேவையின் சாவியால் உறையை ஒட்டுவது என்று கேடிசிக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கேட்ட பெயரை வைத்துத்தான். பெயர் தவறினால் உறை தவறான சாவியால் ஒட்டப்படும், அல்லது ஒட்டப்படவே மாட்டாது. பெயரில் இத்தனை கவனம் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

படி 1: சொந்தமாக ஒரு சோதனைக்கூடம்

அலுவலகத்தின் உண்மையான டொமைனில் கற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் தவறா, நிர்வாகியின் அமைப்பா என்று பிரித்தறிய முடியாமல் திண்டாடுவீர்கள். மூன்று மெய்நிகர் இயந்திரங்கள் போதும்: கேடிசி.லேப்.டெஸ்ட், வெப்.லேப்.டெஸ்ட், கிளையன்ட்.லேப்.டெஸ்ட். டெபியன், உபுண்டுவில் கேடிசிக்கு கேஆர்பி5-கேடிசி, கேஆர்பி5-அட்மின்-சர்வர் ஆகிய பேக்கேஜ்கள் வேண்டும். கிளையன்டுக்கு கேஆர்பி5-யூசர். நிரல் தொகுக்க லிப்கேஆர்பி5-டெவ். ரெட் ஹாட் குடும்பத்தில் இவை கேஆர்பி5-சர்வர், கேஆர்பி5-ஒர்க்ஸ்டேஷன், கேஆர்பி5-டெவல்.

ரெல்ம் என்பது கெர்பரோஸ் ஆட்சி செய்யும் எல்லை. வழக்கப்படி டொமைன் பெயரையே முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் அதுதான் ரெல்ம். சின்ன எழுத்தில் எழுதினால் வேறொரு ரெல்ம் ஆகிவிடும், கெர்பரோஸ் இதில் கறார்.

கேடிசியில் கேஅட்மின்.லோக்கலைத் திறந்து, ஆட்பிரின்க் கட்டளையால் மலர் என்று ஒரு பயனரைச் சேருங்கள். அடுத்து -ராண்ட்கீ என்ற தேர்வோடு எச்டிடிபி/வெப்.லேப்.டெஸ்ட் என்ற சேவைக் கணக்கைச் சேருங்கள். எச்டிடிபி பெரிய எழுத்தில், ஹோஸ்ட் பெயர் சின்ன எழுத்தில். சேவை எச்டிடிபிஎஸ் வழியாக ஓடினாலும் கணக்கின் முன்பாதி எச்டிடிபிதான்.

அதன் சாவியை கேடிஆட் கட்டளையால் ஒரு கீடேப் கோப்பில் எடுத்து வெப் சர்வருக்குக் கொண்டுபோங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. கேடிஆட் சாவியைப் பிரதி எடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதுச் சாவி ஒன்றை உருவாக்கி, அதன் பதிப்பு எண்ணையும் கூட்டிவிடும். இன்னொரு சர்வருக்கும் வேண்டும் என்று இரண்டாம் முறை ஓட்டினால், அதன் பிறகு வாங்கும் டிக்கெட்டுகளுக்கு முதல் சர்வரில் இருக்கும் கீடேப் செல்லாததாகிவிடும். சாவியை மாற்றாமல் எடுக்க கேஅட்மின்.லோக்கலில் -நோராண்ட்கீ என்று சேர்க்க வேண்டும். அல்லது முதலில் எடுத்த கோப்பையே பாதுகாப்பாக நகலெடுத்துக்கொள்ளலாம்.

வெப் சர்வரில் அப்பாச்சியும் மாட்_ஆத்_ஜிஎஸ்எஸ்ஏபிஐ என்ற மாட்யூலும் இருந்தால் சோதனைக்குப் போதும்.

படி 2: கிளையன்டின் அமைப்புக் கோப்பு

/இடிசி/கேஆர்பி5.கான்ஃப் கோப்பில் மூன்று பகுதிகளைக் கவனியுங்கள். லிப்டிஃபால்ட்ஸ் பகுதியில் டிஃபால்ட்_ரெல்ம். ரெல்ம்ஸ் பகுதியில் கேடிசியின் முகவரி. டொமைன்_ரெல்ம் பகுதியில் எந்த டொமைன் எந்த ரெல்முக்குச் சேர்ந்தது என்ற பட்டியல். பெரிய அலுவலகங்களில் கேடிசியின் முகவரியை டிஎன்எஸ்ஸின் (பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) எஸ்ஆர்வி பதிவுகள் சொல்லிவிடும், கோப்பில் எழுத வேண்டியதில்லை.

இவற்றோடு ஆர்டிஎன்எஸ் என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று வையுங்கள். ஏன் என்று படி 4இல் சொல்கிறேன்.

கேடிசி கேட்பது போர்ட் 88இல், யுடிபியும் உண்டு டிசிபியும் உண்டு. சில ஃபயர்வால்கள் பெரிய யுடிபி பொட்டலங்களைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். டிக்கெட் வாங்குவது சில நொடி தொங்கி நின்று பிறகு வேலை செய்தால் அதைச் சந்தேகியுங்கள். யுடிபி_பிரிஃபரன்ஸ்_லிமிட் என்பதை 1 என்று வைத்தால் லைப்ரரி முதலிலேயே டிசிபியை முயலும்.

படி 3: நிரல் எழுதும் முன் கையால் சோதனை

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கேஇனிட் மலர் என்று அடித்துக் கடவுச்சொல் கொடுங்கள். கேலிஸ்ட் அடித்தால் டிஜிடி தெரியும். கேலிஸ்ட் -இ என்றால் எந்தக் குறியாக்கம் என்பதும் தெரியும். ஏஇஎஸ் வகை ஒன்று வந்தால் சரி. ஆர்சி4 என்ற பழைய, பலவீனமான வகை வந்தால் நிர்வாகியிடம் பேசுங்கள், அதைக் கைவிடச் சொல்லி ஆர்எஃப்சி 8429 வந்தது 2018இல்.

அடுத்து கேவிஎன்ஓ எச்டிடிபி/வெப்.லேப்.டெஸ்ட். பலருக்குத் தெரியாத, எனக்கு மிகவும் பிடித்த கட்டளை இது. நிரலே இல்லாமல் கேடிசியிடம் போய் அந்தச் சேவைக்கு டிக்கெட் வாங்கி, அதன் சாவிப் பதிப்பு எண்ணையும் சொல்லும். சர்வரில் கேலிஸ்ட் -கே அடித்தால் கீடேப்பில் உள்ள பதிப்பு எண் தெரியும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் பெயரும் சாவியும் சரி, இனிமேல் வரும் தவறு உங்கள் நிரலில்தான். ஒத்துப்போகவில்லை என்றால் நிரலைத் தொடவே வேண்டாம், கீடேப்பைச் சரிசெய்யுங்கள்.

கேடிசியின் லாகைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு உள்நுழைவுக்கும் முதலில் ஒரு பிழை, எண் 25, பதிவாகியிருக்கும். கூடுதல் முன்சரிபார்ப்பு தேவை என்று அது சொல்லும். அது கோளாறு அல்ல. கிளையன்ட் வெறுமனே கேட்கிறது, பூட்டிய நேரத்தைக் கொண்டு வா என்று கேடிசி திருப்பி அனுப்புகிறது, கிளையன்ட் கொண்டுவருகிறது. அதற்கடுத்து எண் 24 வந்தால்தான் கடவுச்சொல் தவறு.

படி 4: பெயர்

நேராக கெர்பரோஸ் லைப்ரரியை அழைத்து எழுதாதீர்கள். ஜிஎஸ்எஸ்-ஏபிஐ என்ற பொது இடைமுகத்தைப் பயன்படுத்துங்கள். ஆர்எஃப்சி 2743 அதன் வரையறை. பைத்தானில் ஜிஎஸ்எஸ்ஏபிஐ என்ற பெயரிலேயே பேக்கேஜ் உண்டு. ஜாவாவில் ஜிஎஸ்எஸ்மேனேஜர். விண்டோஸில் எஸ்எஸ்பிஐ, அழைப்புகளின் பெயர் வேறானாலும் கம்பியில் போகும் டோக்கன் (டிக்கெட்டும் நேர முத்திரையும் சேர்ந்த பொட்டலம்) ஒன்றுதான். டாட்நெட் 7 முதல் நெகோஷியேட்ஆதன்டிகேஷன் என்ற வகுப்பு இருக்கிறது.

ஜிஎஸ்எஸ்-ஏபிஐயில் சேவையின் பெயரை எச்டிடிபி@வெப்.லேப்.டெஸ்ட் என்று, நடுவில் @ குறியோடு, ஹோஸ்ட்பேஸ்ட்_சர்வீஸ் என்ற வகையில் கொடுக்க வேண்டும். கெர்பரோஸ் பெயரில் நடுவில் சாய்கோடு, இங்கே @. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டுப் பிழை எங்கே என்று தேடுபவர்கள் ஏராளம்.

இனி அந்தப் பெயருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். எம்ஐடி லைப்ரரி இயல்பாகவே நீங்கள் கொடுத்த ஹோஸ்ட் பெயரை டிஎன்எஸ்ஸில் தேடும். அது வேறொரு பெயருக்கு மாற்றுப்பெயராக இருந்தால் அந்த இன்னொரு பெயரை எடுத்துக்கொள்ளும். அதோடு நிற்காமல், கிடைத்த ஐபி முகவரியைத் தலைகீழாகத் தேடி அதற்கு என்ன பெயர் வருகிறதோ அதையும் எடுத்துக்கொள்ளும். கடைசியாக வந்த பெயருக்குத்தான் டிக்கெட் கேட்கும். ஆர்டிஎன்எஸ் ஃபால்ஸ் என்று வைப்பது இந்தத் தலைகீழ்த் தேடலை நிறுத்துவதற்காக.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு சேவைக்கு நான்கு சர்வர்கள், டிஎன்எஸ்ஸில் ஒரே பெயருக்கு நான்கு முகவரிகள். ஏறக்குறைய நான்கில் ஒரு முறை உள்நுழைவு தோற்றது. நெட்வொர்க் கோளாறு என்று எல்லோரும் இரண்டு நாள் அதன் பின்னால் அலைந்தோம். உண்மையில் நடந்தது இதுதான்: தலைகீழ்த் தேடல் ஒவ்வொரு முகவரிக்கும் அந்தந்த சர்வரின் சொந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது. பழைய மூன்று சர்வர்களின் சொந்தப் பெயருக்கும் யாரோ எப்போதோ கணக்கு உருவாக்கி வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்த்த நான்காவதற்கு இல்லை. ஆர்டிஎன்எஸ்ஸை அணைத்து, சேவையின் பொதுப்பெயருக்கு ஒரே கணக்கு வைத்து, ஒரே கீடேப்பை நான்கிலும் போட்டதும் சரியானது. இடைவிட்டு இடைவிட்டு வரும் கெர்பரோஸ் பிழை என்றால் இன்றும் நான் முதலில் பார்ப்பது தலைகீழ் டிஎன்எஸ்தான்.

இதில் பாதுகாப்புப் பிரச்சினையும் இருக்கிறது. பெயரை டிஎன்எஸ் மாற்ற அனுமதித்தால், டிஎன்எஸ் பதிலைத் திரிக்கக்கூடியவர் நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள் என்பதையும் மாற்றிவிடலாம். நீங்கள் சம்பள சர்வரைக் கேட்டீர்கள், அவர் தன் கையில் இருக்கும் ஏதோ ஒரு சர்வரின் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். கெர்பரோஸ் எல்லாம் சரி என்றே சொல்லும், ஏனென்றால் அந்த ஏதோ ஒரு சர்வர் தன் அடையாளத்தை நேர்மையாகவே நிரூபித்துவிடும். ஆகவே டிஎன்எஸ்_கேனானிகலைஸ்_ஹோஸ்ட்நேம் என்ற அமைப்பையும் முடிந்தால் ஃபால்ஸ் என்று வையுங்கள். பழைய சேவைகள் மாற்றுப்பெயரை நம்பி ஓடினால், எம்ஐடி 1.18 முதல் ஃபால்பேக் என்ற நடுவழி இருக்கிறது. கொடுத்த பெயரை அப்படியே முதலில் முயன்று, கணக்கு கிடைக்காவிட்டால் மட்டும் டிஎன்எஸ்ஸைக் கேட்கும்.

உங்கள் நிரல் செய்ய வேண்டியது ஒன்றுதான். பயனர் கேட்ட முகவரியில் இருக்கும் ஹோஸ்ட் பெயரை, சின்ன எழுத்தாக்கி, போர்ட் எண்ணை நீக்கி, அப்படியே கொடுங்கள். சர்வர் தன்னைப் பற்றிச் சொல்லும் எந்தப் பெயரையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐபி முகவரியாக வந்தால் கெர்பரோஸை முயலாமல், ஹோஸ்ட் பெயர் வேண்டும் என்று பயனரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

படி 5: அடையாளம் எங்கிருந்து வருகிறது

உங்கள் புரோகிராம் கடவுச்சொல் கேட்கவே கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கேட்டால் கெர்பரோஸ் எதற்காக உருவானதோ அதையே உடைக்கிறீர்கள். அடையாளம் என்ற இடத்தில் எதுவும் கொடுக்காமல் விட்டால் லைப்ரரி பயனரின் டிக்கெட் கேஷில் (வாங்கிய டிக்கெட்டுகளைச் சேமித்து வைக்கும் இடம்) இருப்பதை எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் புரோகிராமுக்கு அதுவே போதும்.

ஆளில்லாமல் பின்னணியில் ஓடும் புரோகிராம் என்றால் கதை வேறு. ஒரு மனிதரின் டிக்கெட்டில் அதை ஓட்டினால் டிக்கெட்டின் ஆயுள் தீர்ந்ததும் நின்றுவிடும். ஆக்டிவ் டைரக்டரியில் இயல்பான ஆயுள் 10 மணி நேரம், புதுப்பிக்கும் எல்லை 7 நாள். க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதி) கேஇனிட்டை ஓட்டிச் சமாளிப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது தேவையில்லை. புரோகிராமுக்கென்று தனிக் கணக்கு உருவாக்கி, அதன் கீடேப்பின் பாதையை கேஆர்பி5_கிளையன்ட்_கேடிநேம் என்ற சூழல் மாறியில் கொடுங்கள். இது பெரிய எழுத்தில். எம்ஐடி லைப்ரரி தானே டிஜிடியை வாங்கி, ஆயுளில் பாதி கழிந்த பிறகு தானே புதிதாக வாங்கிக்கொள்ளும்.

கூடவே கேஆர்பி5சிசிநேம் மாறியில், இதுவும் பெரிய எழுத்தில், அந்தப் புரோகிராமுக்கு மட்டுமான கேஷையும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே பயனரின் கீழ் ஓடும் இரண்டு புரோகிராம்கள் ஒரே கேஷைப் பகிரும். ஒன்று கேஇனிட் செய்தால் மற்றொன்று திடீரென்று வேறு ஆளாகிவிடும். கன்டெய்னர்களில் கீரிங் வகைக் கேஷைத் தவிர்க்கவும், கர்னலின் கீரிங் கன்டெய்னர்களுக்கிடையே பிரிக்கப்படுவதில்லை. கோப்பு வகையோ நினைவக வகையோ போதும்.

கீடேப் என்பது கடவுச்சொல்லுக்குச் சமம். அனுமதி 600, உரிமையாளர் அந்தப் புரோகிராமின் பயனர். கிட் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள், கன்டெய்னர் இமேஜுக்குள் வைத்துக் கட்டாதீர்கள்.

படி 6: டோக்கன் சுற்று

இப்போது நிரல். கீழே சூழல் என்பது ஓர் உள்நுழைவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வைக்கும் பொருள், கொடிகள் என்பவை அதில் கேட்கும், கிடைக்கும் வசதிகளின் குறிகள். வடிவம் இதுதான், எந்த மொழியில் எழுதினாலும்:

    பெயர் = "எச்டிடிபி@" + பயனர் கேட்ட ஹோஸ்ட்
    சூழல் = புதிய சூழல்(பெயர், கேட்பது: இருதரப்பு உறுதி)
    வந்தது = வெறுமை
    சூழல் முழுமையாகாத வரை:
        போவது = சூழல்.ஸ்டெப்(வந்தது)
        போவது வெறுமையில்லை எனில் சர்வருக்கு அனுப்பு
        சூழல் முழுமையானால் வெளியேறு
        வந்தது = சர்வரின் பதில் டோக்கன்
    கிடைத்த கொடிகளில் இருதரப்பு உறுதி இல்லை எனில் இணைப்பை மூடு

சி மொழியில் ஸ்டெப் என்பது ஜிஎஸ்எஸ்_இனிட்_செக்_கான்டெக்ஸ்ட். கன்டின்யூ_நீடட் என்று திருப்பினால் இன்னொரு சுற்று. எல்லாம் ஒரே சுற்றில் முடியும் என்று எண்ணிச் சுற்றே இல்லாமல் எழுதுபவர்கள் உண்டு. அவர்களுடைய நிரலும் பெரும்பாலும் ஓடும். ஆனால் அது சர்வரின் பதிலைச் சரிபார்க்காமலே ஓடுகிறது.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இருதரப்பு உறுதி என்பது சர்வரும் தன்னை நிரூபிப்பது. உறையைப் பிரிக்க முடிந்த சர்வரால் மட்டுமே அதற்குள் இருந்த சாவியால் பதில் எழுத முடியும். கொடியைக் கேட்டால் மட்டும் போதாது, கிடைத்ததா என்றும் பார்க்க வேண்டும்.

வலைச் சேவையில் இது எச்டிடிபி தலைப்புகளில் ஏறிப் போகிறது. ஆர்எஃப்சி 4559 அந்த முறையை விவரிக்கிறது. சர்வர் 401 கொடுத்து நெகோஷியேட் என்கிறது. நீங்கள் டோக்கனை பேஸ்64 ஆக்கி ஆத்தரைசேஷன் தலைப்பில், நெகோஷியேட் என்ற சொல்லுக்குப் பின் வைத்து அனுப்புகிறீர்கள். சர்வர் 200 கொடுக்கும்போது தன் டோக்கனையும் தலைப்பில் சேர்த்து அனுப்பும். 200 வந்துவிட்டதே என்று அங்கேயே நின்றுவிடாமல், அந்த டோக்கனை எடுத்து ஸ்டெப்பிடம் கொடுங்கள். அது சரி என்று சொன்ன பிறகுதான் பதிலின் உள்ளடக்கத்தை நம்புங்கள்.

இந்த முறை உள்நுழைவை மட்டுமே உறுதி செய்கிறது, அனுப்பும் தரவைப் பூட்டுவதில்லை. எனவே டிஎல்எஸ் (இணைப்பையே பூட்டும், எச்டிடிபிஎஸ் பயன்படுத்தும் முறை) கட்டாயம். சர்வர் ஏற்றால் சேனல் பைண்டிங்கையும் சேருங்கள். அது டிஎல்எஸ் இணைப்பையும் கெர்பரோஸ் டோக்கனையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடும், நடுவில் இருப்பவர் டோக்கனை வேறு இணைப்பில் கொண்டுபோய்ச் செருக முடியாது. வலை அல்லாத சொந்தப் புரோட்டோகால் என்றால் ஜிஎஸ்எஸ்_ரேப், ஜிஎஸ்எஸ்_அன்ரேப் அழைப்புகளால் தரவையே பூட்டி அனுப்பலாம். அப்போது ஒவ்வொரு டோக்கனுக்கும் முன்னால் 4 பைட்டில் நீளத்தை அனுப்புங்கள், வரும் நீளத்துக்கு ஒரு மேல்வரம்பும் வையுங்கள்.

டோக்கனின் அளவைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஆக்டிவ் டைரக்டரி டிக்கெட்டுக்குள் பயனர் உறுப்பினராக உள்ள குழுக்களின் பட்டியலும் இருக்கும். நூற்றுக்கணக்கான குழுக்களில் இருக்கும் மூத்த ஊழியருக்கு டோக்கன் பெருத்து, பேஸ்64 ஆக்கும்போது மேலும் மூன்றில் ஒரு பங்கு கூடும். அப்பாச்சி ஒரு தலைப்புக்கு இயல்பாக 8190 பைட் வரைதான் ஏற்கும். புதியவர்களுக்கு வேலை செய்கிறது, மேலாளருக்கு மட்டும் 400 வருகிறது என்றால் இதுதான் காரணமாக இருக்கும்.

டெலிகேஷன் கொடியைத் தேவையில்லாமல் போடாதீர்கள். அதைப் போட்டால் உங்கள் டிஜிடியே சர்வரிடம் போகிறது. அந்த சர்வர் உங்கள் பெயரில் வேறு எந்தச் சேவைக்கும் போக முடியும். அதை வேண்டும் என்று கேட்பவர்களிடம் ஏன் என்று கேளுங்கள்.

படி 7: பிழைகளைப் பேசவிடுங்கள்

ஜிஎஸ்எஸ்-ஏபிஐ இரண்டு பிழை எண்கள் தரும். பெரிய எண் பொதுவாக ஏதோ தவறு என்று மட்டும் சொல்லும். சின்ன எண்தான் உண்மையைச் சொல்லும். இரண்டையும் ஜிஎஸ்எஸ்_டிஸ்பிளே_ஸ்டேட்டஸ் வழியாகச் சொற்களாக்கி லாகில் எழுதுங்கள். பிழையை விழுங்கிவிட்டு உள்நுழைவு தோல்வி என்று மட்டும் காட்டும் புரோகிராம், பின்னால் அதைப் பராமரிப்பவரைப் படாத பாடு படுத்தும்.

எண் 7 என்றால் கேடிசியிடம் அந்தச் சேவைப் பெயருக்குக் கணக்கே இல்லை. படி 4க்குத் திரும்புங்கள். எண் 41 என்றால் உறை வந்தது, சர்வரால் பிரிக்க முடியவில்லை: பெயர் வேறொரு கணக்கைச் சுட்டுகிறது, அல்லது கீடேப் பழையது. எண் 14 என்றால் இரு தரப்புக்கும் பொதுவான குறியாக்க வகை இல்லை. 32 என்றால் டிக்கெட் காலாவதி. எண் 37 கடிகாரம், இயல்பாக 5 நிமிட வித்தியாசம்தான் அனுமதி. கிளையன்டின் கடிகாரம் தவறியிருந்தால் எம்ஐடி லைப்ரரி கேடிசியின் நேரத்தைப் பார்த்து ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஆகவே 37 வரும்போது சர்வரின் கடிகாரத்தையும் மறக்காமல் பாருங்கள்.

எண் 34 தனியாகச் சொல்ல வேண்டியது. ஒரே டோக்கனை இரண்டாம் முறை அனுப்பினால், யாரோ திருடி மறுபடி அனுப்புகிறார்கள் என்று சர்வர் மறுத்துவிடும். இணைப்பு அறுந்தால் மறுமுயற்சி செய்யும் நிரல் எழுதும்போது பழைய டோக்கனையே திரும்ப அனுப்பாதீர்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சூழல், புது டோக்கன்.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் ஓடவில்லை என்றால் கேஆர்பி5_டிரேஸ் என்ற சூழல் மாறியில், பெரிய எழுத்தில்தான், /டெவ்/எஸ்டிடிஎர் என்று கொடுத்துப் புரோகிராமை ஓட்டுங்கள். லைப்ரரி எந்தப் பெயருக்கு, எந்தக் கேஷிலிருந்து, எந்தக் கேடிசியிடம் கேட்டது என்பதெல்லாம் வரிசையாக வரும். அதில் வரும் சேவைப் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

விண்டோஸ் சூழலில் இன்னொரு வலை இருக்கிறது. நெகோஷியேட் முறையில் கெர்பரோஸ் தோற்றால் சத்தமில்லாமல் என்டிஎல்எம் என்ற விண்டோஸின் பழைய உள்நுழைவு முறைக்கு இறங்கிவிடும். உள்நுழைவு வெற்றி, ஆனால் அது கெர்பரோஸ் அல்ல. அனுப்பிய பேஸ்64 டோக்கனின் தொடக்கத்தைப் பாருங்கள். டி, எல், ஆர், எம் என்ற எழுத்துகளில் தொடங்கினால் அது என்டிஎல்எம். கெர்பரோஸ் டோக்கன் வழக்கமாக ஒய், ஐ, ஐ என்று தொடங்கும். கேலிஸ்ட்டில் அந்தச் சேவைக்கான டிக்கெட் வந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதியான வழி. பெரும்பாலும் காரணம் சேவைப் பெயர் இரண்டு கணக்குகளில் பதிவாகியிருப்பதுதான், விண்டோஸின் செட்எஸ்பிஎன் -எக்ஸ் கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும்.

படி 8: உடைத்துப் பாருங்கள்

வேலை செய்கிறது என்றதும் நிறுத்திவிடாமல், வேண்டுமென்றே ஒவ்வொன்றாக உடையுங்கள். கேடெஸ்ட்ராய் அடித்து கேஷை அழித்துவிட்டு ஓட்டுங்கள், பயனருக்குப் புரியும் செய்தி வருகிறதா பாருங்கள். சர்வரின் கடிகாரத்தை 10 நிமிடம் முன்னே தள்ளுங்கள். டிக்கெட்டின் ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறைத்து, ஒரு நீண்ட வேலையின் நடுவில் அது தீரும்படி செய்யுங்கள். கேடிசியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்: கையில் சேவை டிக்கெட் இருக்கும் வரை புரோகிராம் தொடர்ந்து ஓட வேண்டும். கேடிஆட்டை இரண்டாம் முறை ஓட்டி, டிக்கெட்டைப் புதிதாக வாங்கி, பழைய கீடேப்போடு சர்வர் அதை மறுப்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

இவற்றைத் தானியங்கிச் சோதனையாக்க, பைத்தானில் கே5டெஸ்ட் என்ற பேக்கேஜ் இருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் தற்காலிகமாக ஒரு கேடிசியையே எழுப்பி, முடிந்ததும் இறக்கிவிடும். அதில் நான் கட்டாயம் சேர்க்கச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. இருதரப்பு உறுதிக்கான டோக்கனைத் திருப்பித் தராமல் வெறும் 200 மட்டும் தரும் போலி சர்வர் ஒன்றை எழுதுங்கள். அதனிடம் உங்கள் கிளையன்ட் பேச மறுக்க வேண்டும்.